ஹவுகன் குன்றடியில் ஒரு கல்

ரொறன்ரோவில், வோபர்னில் எங்கள் கட்டடத்தில் அந்த நாட்களில் மூன்று இராஜேஸ்வரிகள் இருந்தார்கள். சீட்டுப் பிடித்தவர் சீட்டு இராஜேஸ்வரி. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்தவர் பேபிசிற்றிங் இராஜேஸ்வரி. மூன்றாமவர் நோர்வே இராஜேஸ்வரி. அவரை வேறு எப்படியும் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் வாயைத் திறந்தால் நோர்வேதான். பஸ் பிந்தினால், நோர்வேயில் பிந்தாது. மீன் வாங்கினால், இதெல்லாம் ஒரு மீனா. லிப்ற் பழுதாகி ஏழு மாடியும் ஏறி நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறபோதும், தான் அங்கே ஒரு குன்றில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இதைவிட உயரம் ஏறினதாகச் சொல்லுவார்.

நான் றீற்றா, யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரி. அதே ஏழாம் மாடியில் அவர் வீட்டுக்கு எதிர்க் கதவு எங்களுடையது. பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். ஒருநாள் விடியற்காலை மார்க்கம் றோட்டில், வேலைக்கு ஏற்றுகிற வானுக்காக விறைத்துக்கொண்டு நின்றபோது கேட்டே விட்டேன்.

“அக்கா, அவ்வளவு திறமான இடமெண்டால் என்னத்துக்கு விட்டிட்டு வந்தனீங்கள்?”

அவர் கோபிக்கவில்லை. கையுறையைக் கழற்றி மறுபடி போட்டார்.

“உதைத்தான் றீற்றா நானும் ஒவ்வொரு நாளும் கேக்கிறன்,” என்றார். அதற்குள் வான் வந்துவிட்டது.

அவர் பிறந்தது இணுவிலில், புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில். பனையைவிட உயரமாக ஒன்றையும் அண்ணாந்து பார்த்திராத ஊர். எண்பத்தைந்தாம் ஆண்டு அவரை இராஜரட்ணம் அண்ணைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை அதற்கு முன்பே நோர்வேக்குப் படிக்கவென்று போய், படிப்பு முடிந்ததும் மீன் பக்டரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் பெடியள் பலர் அப்போது அப்படித்தான் போனார்கள். பெம்பிளை மார்கழி மாதம் போய் இறங்கினார். மதியம் சாப்பிட உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. கிரகணமோ என்று கேட்டாராம். இல்லை, இஞ்சை நாள் இவ்வளவுதான் என்றாராம் புருசன்.

கடல் அங்கே பெரிய மலைகளுக்கு நடுவே ஒடுங்கிப்போய் ஆறுபோல வெகுதூரம் உள்ளே வந்து கிடக்குமாம். பியோர்ட் என்பார்கள். அந்தப் பியோர்ட் முடிகிற இடத்தில் மூன்று ஊர்கள். நெஸ் என்ற ஊரில் மீன் பக்டரி. சோல்விக்கில் தேவாலயமும், செத்தவர்களைப் புதைக்கிற சேமக்காலையும். ஸ்காரில் ஆடு வளர்ப்பவர்கள். மூன்றுக்கும் நடுவில் ஒரு சின்னக் குன்று, பெயர் ஹவுகன். அவர்கள் மொழியில் அதற்குக் குன்று என்றுதான் அர்த்தமாம். பேர் வைக்கப் பஞ்சிப்பட்ட சனம் போலை என்று நான் நக்கலடித்தேன். ஆனால் அந்தக் குன்றுக்காக மூன்று ஊரும் பிடுங்குப்படும் என்றார் அக்கா. பாதை வெட்டியது நாங்கள், ஆகவே எங்களுடையது என்பார்கள் நெஸ்காரர். உச்சியில் உட்கார வாங்கு போட்டது நாங்கள் என்பார்கள் சோல்விக்காரர். ஸ்கார்காரர் ஒன்றும் பேசமாட்டார்கள், அவர்களுடைய ஆடுகள் எல்லாப் பக்கமும் மேயும்.

சுற்றியுள்ள மலைகள் கார்த்திகையிலேயே வெயிலை மறித்துவிடும். வானம் வெளிக்கும், ஆனால் சூரியன் கண்ணில் படாது. தை மாதக் கடைசியில் ஒருநாள் மதியம், மலை இடுக்கால் ஒரு கீற்று வந்து நேரே ஹவுகன் உச்சியில் விழும். அன்றைக்குப் பக்டரியை நிறுத்திவிடுவார்கள். மூன்று ஊர்ச் சனமும் கோப்பியும் இனிப்புப் பணிசும் கட்டிக்கொண்டு குன்றில் ஏறி, சூரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். பிறகு வெயில் நாளுக்கு நாள் சரிவில் இறங்கும். முதலில் சோல்விக் சேமக்காலைக்கு வரும், பிறகு ஸ்காருக்கு, கடைசியாக நெஸ்ஸுக்கு. வெயில் எதுவரைக்கும் வந்துவிட்டது என்பதுதான் அந்த நாட்களில் ஆளையாள் கேட்கிற சுகம். இராஜேஸ்வரி அக்கா தைப்பொங்கலையே அந்த நாளுக்குத் தள்ளிப் போட்டவர். வீட்டில் பொங்கிப் பானையோடு குன்றில் ஏறுவார்.

“சூரியனே இல்லாத நாளிலை ஆருக்குப் பொங்கிறது?” என்று என்னிடம் கேட்டார்.

இதெல்லாம் வேலைத் தலத்தில் கேட்ட கதைகள். உறைய வைத்த சாப்பாட்டைப் பெட்டியில் அடைக்கிற ஒரு பக்டரியில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். குளிரறைக்குப் போகச் சொன்னால் எல்லாரும் ஒரு சாட்டுச் சொல்வார்கள். அவர் மட்டும் கேட்காமலே போவார். குளிருக்குள் போய்விட்டு வந்தால் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். நான் அதை மீன் பக்டரிப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆத்துமாக்களின் திருநாளுக்கு நான் மாமியின் கல்லறைக்குப் பூக் கொண்டுபோக வெளிக்கிட்டேன். அக்கா எதிர்க் கதவைத் திறந்து, தானும் வரட்டோ என்று கேட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சைவக்காரர் தேவையில்லாமல் சேமக்காலைப் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டார்கள். நான் மாமிக்குச் செபம் சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால், ஆளைக் காணவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தார். கோட்டுப் பொக்கற்றில் கொண்டுவந்த சின்ன மெழுகுதிரியைக் கொளுத்தி, காற்று அணைக்காமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

“ஆற்றை பிள்ளை அக்கா?”

“தெரியாது. சின்னக் கல்லாய்க் கிடந்தது,” என்றார். திரி நின்று எரியத் தொடங்கிய பிறகுதான் எழும்பினார். “என்ரை பிள்ளை ஒண்டு அங்கை ஹவுகனுக்குக் கீழை கிடக்குது றீற்றா.”

அந்தக் குளிருக்குள் ஒரு வாங்கில் இருந்து சொன்னார். எண்பத்தொன்பதாம் ஆண்டு அது. மகள் லக்சிகாவுக்கு இரண்டு வயது, அக்காவுக்கு வயிற்றில் எட்டு மாதம். சூரியன் வருகிற அன்றைக்கு மற்றவர்களோடு அவரும் ஆறுதலாக ஏறி, எல்லாருக்கும் பொங்கல் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார். அந்தக் கிழமைக்குள் வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. பிள்ளை இறந்து பிறந்தது, ஆண் பிள்ளை. கொடி கழுத்தில் சுற்றியதுதான் காரணம், ஏறினதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். புருசனின் அக்கா சந்திரவதனா ரொறன்ரோவில் இருந்து போனில் ஒரே ஒரு தரம்தான் சொன்னார், வயிற்றுப் பிள்ளையோடு மலை ஏறினால் பிள்ளை தங்குமா என்று. டொக்டர் சொன்னது போய்விட்டது. இது மனதில் நின்றுவிட்டது.

பிள்ளையைப் புதைக்கப் போனது இராஜரட்ணம் அண்ணையும் பக்டரியில் கூட வேலை செய்தவர்களும். தாயைக் கூட்டிப் போகவில்லை, எங்கள் முறை அப்படி. இடம் பார்த்துக் கொடுத்தவர் இங்கபோர் என்றொரு மனுசி. பக்டரியில் இவர்களுக்கு மேலாள், தனிக்கட்டை, சோல்விக் சேமக்காலையையும் அவர்தான் பார்த்துக்கொள்வார். குன்றடியில் வெயில் முதலில் வந்து இறங்குகிற மூலையைப் பிள்ளைக்குக் கொடுத்தார். ஹவுகன் உச்சியிலிருந்து ஒரு கல்லைத் தானே தூக்கிக்கொண்டு வந்து நட்டார். நட்டுவிட்டு, இதில் என்ன பெயர் வெட்டுவது என்று கேட்டார்.

பெயர் இல்லை என்றார் இராஜரட்ணம் அண்ணை. முப்பத்தோராம் நாள் தீட்டுத் துடக்குக் கழித்துத்தான் எங்களில் பிள்ளைக்குப் பெயர். அதையும் முதலில் பிள்ளையின் காதுக்குள் மூன்று தரம் சொல்லவேண்டும், பிறகுதான் மற்றவர்களுக்கு. முப்பத்தொன்று காணாத பிள்ளைக்கு ஏது பெயர் என்று அவர் நினைத்தார். போனில் சந்திரவதனாவும் ஒத்து ஊதினார். பெயர் வைத்தால் அது பெயரைப் பிடித்துக்கொண்டு வீட்டையே சுற்றும், அடுத்தது தங்காது என்றார்.

“அவன் வயித்திலை இருக்கேக்கையே நான் பேர் யோசிச்சு வைச்சிட்டன்,” என்றார் அக்கா. “இவருக்குச் சொல்லேல்லை. இங்கபோர் கேட்டவ, அவவுக்கும் சொல்லேல்லை. முதல் அவன்ரை காதுக்கெல்லோ சொல்லவேணும்.”

“அங்கை இருந்த காலத்திலை போய்ச் சொல்லியிருக்கலாமே?”

“போனன். அங்கை யேசு பிறந்த நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் ஊரே திரண்டு சேமக்காலைக்குப் போகும். எல்லாக் கல்லுக்கும் முன்னாலை ஸ்நோவைக் கிண்டி விளக்கு வைப்பினம். நானும் இங்கபோரோடை போய் வைச்சனான். குனிஞ்சால் சரி, சொல்லிப்போடலாம். அடுத்த பிள்ளை தங்கவேணுமே எண்ட பயம் வாயைக் கட்டிப்போட்டுது.”

அடுத்த பிள்ளை வரவேயில்லை. தொண்ணூற்றிரண்டில் இராஜரட்ணம் அண்ணை குடும்பத்தைக் கனடாவுக்குக் கூட்டி வந்தார். லக்சிகா தமிழ் படிக்கவேண்டும், கோயில் குளம் வேண்டும் என்று எல்லாருக்கும் சொன்னார். உண்மையான காரணம், அந்தக் குன்றைக் காணாவிட்டால் பெண்சாதி மறந்துவிடுவார் என்ற நினைப்பு. வந்து வீடெடுத்ததும் எங்கே? அந்தச் சந்திரவதனா வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில். கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுசியைக் கண்டால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன் என்றேன்.

“வேண்டாம் றீற்றா. அவவும் நல்லதெண்டு நினைச்சுச் சொன்னதுதானே,” என்றார். இந்த ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது.

அதன் பிறகு அவர் வாயில் நோர்வே வந்தால் நான் நக்கலடிக்கவில்லை. வருசா வருசம் நத்தாருக்கு முதல் நாள் காலையில் அவர் வீட்டுப் போன் அடிப்பதன் அர்த்தமும் அப்போதுதான் விளங்கியது. எங்களுக்குக் காலை, அங்கே விளக்கு வைக்கிற பின்னேரம். இங்கபோர் சேமக்காலையால் வீட்டுக்கு வந்ததும் போன் எடுப்பார். விளக்கு வைத்துவிட்டேன் என்பார். பெயர் யோசித்துவிட்டாயா என்று கேட்பார். நானே வந்து சொல்லுகிறேன் என்று அக்கா சொல்வார். எனக்கு அந்தப் பாசை விளங்காது. ஆனால் அந்தப் பாசையில் அக்காவின் குரல் கொஞ்சம் உரத்துச் சிரிப்போடு வரும். தமிழில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த வருசம் என் மகன் கிளிபோட் நடக்கப் பழகினான். லிப்ற்றுக்கு முன்னால் உள்ள நடையில் அவனை விட்டுவிட்டு நான் ஒரு பக்கமும் அக்கா மறுபக்கமும் நின்று கூப்பிட்டோம். அவன் தள்ளாடித் தள்ளாடி அவரை நோக்கிப் போனபோது, கையை நீட்டிக்கொண்டு நின்ற அக்காவின் வாயிலிருந்து வேறொரு பெயர் வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே கையால் வாயைப் பொத்தினார். பிள்ளை போய் அவர் காலைக் கட்டிப் பிடித்தான்.

“றீற்றா, உது உம்மடை காதிலை விழுந்திருந்தால் மறந்திடும்,” என்றார்.

“மறந்திட்டன் அக்கா,” என்றேன். மறக்கக்கூடிய பெயரா அது.

இராஜரட்ணம் அண்ணையைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான், மனம் வரமாட்டேன் என்கிறது. மோர்னிங்சைட் பக்கம் ஒரு கட்டடத்தில் செக்கியூரிட்டி வேலை. குடிக்கமாட்டார், அதிர்ந்து பேசமாட்டார், ஸ்நோ விழுந்தால் எங்கள் காரையும் சேர்த்துத் தட்டிவிடுவார். ஒன்று மட்டும். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயில் நோர்வேப் பாசை ஒரு சொல் வரவில்லை. அக்கா பழைய கதை எடுத்தால் எழும்பிப் பல்கனிக்குப் போய்விடுவார். அவருக்கும் அது புண்தான் என்று இப்போது விளங்குகிறது. அந்த நாட்களில் எனக்கு ஆத்திரம் மட்டுமே வந்தது.

தொண்ணூற்றெட்டில் அவர்களுக்குக் கனடாப் பாஸ்போட் கிடைத்தது. அந்த வருச நத்தார்ப் போனில் இங்கபோர் ஒரு புதுச் செய்தி சொன்னார். வருகிற கோடையில் சேமக்காலையை ஒழுங்குபடுத்தப் போகிறார்கள். பெயரில்லாத கற்களை எடுத்து மதிலோரம் அடுக்கிவிடுவார்களாம். எது எந்த இடத்தில் இருந்தது என்று பிறகு ஒருவருக்கும் தெரியாது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்னால் பெயரைச் சொன்னால் தானே நின்று வெட்டுவிப்பேன் என்றார்.

“போனிலையே சொல்லிவிடுங்கோவன் அக்கா,” என்றேன்.

“எப்பிடிச் சொல்லுறது? அவனுக்குத் தெரியாமல் ஊருக்குத் தெரியிறதோ?”

இந்த முறை அவர் ஒற்றைக்காலில் நின்றார். சூரியன் வருகிற நாளுக்கு அங்கே நிற்கவேண்டும் என்று தை நடுப்பகுதிக்கு ரிக்கற் போட்டார். இராஜரட்ணம் அண்ணை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பயணப் பெட்டியை அக்கா என் வீட்டில் வைத்துத்தான் அடுக்கினார். பொங்கலுக்குப் பயறும் சக்கரையும் வைத்தார்.

அந்தத் தை மாதம் ரொறன்ரோவில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விழுந்த ஸ்நோ எடுக்க எடுக்க மேலே மேலே விழுந்தது. கடைசியில் பட்டாளத்தைக் கூப்பிட்டார்கள். கட்டட வாசலில் கார்கள் இருந்த இடம் தெரியாமல் மூடுண்டு கிடந்தன. அக்காவின் பிளைற்றை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வேறு பிளைற்றில் இடம் தருவதாகச் சொன்னார்கள். நான் எதிர்க் கதவைத் தட்டியபோது அவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். இராஜரட்ணம் அண்ணை யன்னல் பக்கம் நின்றார்.

“பாத்தீரே,” என்றார் அவர், மெதுவாகத்தான் சொன்னார். “போகவேண்டாம் எண்டு காட்டுது.”

“ஸ்நோ கொட்டினால் ஸ்நோ கொட்டுது அண்ணை. அது என்னத்தைக் காட்டுறது?” என்று நான் பாய்ந்தேன். லக்சிகாவுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. கதவில் சாய்ந்துகொண்டு நின்று, “அம்மா, ஜஸ்ட் கோ,” என்றாள்.

அக்கா சக்கரைப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தார். பிறகு பயறை எடுத்து வைத்தார். எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. இவர்களுக்கு முன்னால் வேண்டாம் என்று அவரை என் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“ஏனக்கா? நாளையிண்டைக்கு பிளைற் போகுது. ஏறி இருக்கிறதுதானே வேலை?”

“மச்சாள் அண்டைக்குச் சொல்லேக்கை நான் நம்பேல்லை எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்,” என்றார். “உள்ளுக்கை ஒரு மூலையிலை நம்பியிருக்கிறன் றீற்றா. நான் ஏறினதாலைதான் எண்டு. இப்ப திரும்பவும் ஏறப் போறனெண்டால், ஆற்றை தலையிலை விடியுமோ? எனக்கு மிச்சமாய் இருக்கிறது லக்சிகா ஒருத்தி.”

அவரே இங்கபோருக்குப் போன் எடுத்து, கோடைக்கு வருகிறேன், அதுவரைக்கும் கல்லில் கைவைக்க விடாதே என்று கேட்டார். சரி பார்க்கிறேன் என்றார் இங்கபோர். கோடையில் சந்திரவதனாவின் மகள் நிலக்சி பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு வந்தது. மாமிக்காரி நிற்காமல் எப்படி என்றார்கள். பலகாரம் முழுக்க அக்காவின் தலையில். ஓலைப்பெட்டி நிறையக் கொண்டுபோய் இறக்கினோம், நானும்தான் உதவினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. நோர்வேயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை என்றபடியால் கல் அங்கேயே கிடக்கிறது, இங்கபோர் சமாளித்துவிட்டார் என்று அக்கா நினைத்தார். இனி வருகிற தைக்கு எந்தக் கொம்பன் மறித்தாலும் போவேன் என்றார். புதிதாகப் பயறு வாங்கி வறுத்துக்கூட வைத்தார்.

அந்த நத்தாருக்கு முதல் நாள் காலை நான் கேக்கைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இராஜரட்ணம் அண்ணைக்கு லீவு, கதிரையில் இருந்து தமிழ்ப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தார். இங்கபோர் இந்த முறை சேமக்காலையில் நின்றபடியே, கையில் கொண்டு திரிகிற போனில் பேசினாராம். அக்கா சிரித்தார். ஏதோ கேட்டார். மறுபடி சிரிக்கப் போனவர் நிறுத்திவிட்டார்.

“ஊலவ்?” என்றார். அந்தச் சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். தலையைத் திருப்பி இராஜரட்ணம் அண்ணையைப் பார்த்தார். அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மறுபடி போனுக்குத் திரும்பினார். “தூசன் தக்,” என்றார். அது எனக்குத் தெரியும், ஆயிரம் நன்றி. பிறகும் சொன்னார். சொல்லிச் சொல்லியே போனை வைத்தார்.

“கல்லிலை பேர் வெட்டியாச்சாம்,” என்றார். “ஊலவ். அவவின்ரை தேப்பன்ரை பேர். சின்ன விளக்கு வெளிச்சத்திலையும் எழுத்து வடிவாய்த் தெரியுதாம். எனக்குச் சந்தோசமோ எண்டு கேட்டவ.”

“ஆர் வெட்டச் சொன்னது?” என்று நான் கேட்டேன். கேட்டபிறகுதான் விளங்கியது.

“அவ சித்திரையிலை போன் எடுத்தவ,” என்றார் இராஜரட்ணம் அண்ணை, தலையை நிமிர்த்தாமல். “நீர் வேலைக்குப் போயிட்டீர். கோடை மட்டும் பொறுக்கமாட்டினமாம், பேர் இல்லாட்டி எடுக்கப் போகினமாம் எண்டு கேட்டவ. எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. கல்லாவது கிடக்கட்டும் எண்டு நினைச்சன். நீங்களே ஒரு பேரைப் போடுங்கோ, உங்கடை ஊர்ப் பிள்ளைதானே எண்டு சொல்லிப்போட்டன். உமக்குச் சொல்லத்தான் எவ்வளவோ நாள் பாத்தன்.”

நான் கேக் தட்டை மேசையில் வைத்த சத்தத்தில் லக்சிகா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இப்பவே திருப்பி எடுங்கோ அக்கா. அது பேரில்லை, இதுதான் பேர் எண்டு சொல்லுங்கோ. கல்லை மாத்தலாம்.”

“தனக்கெண்டு ஒருதரும் இல்லாத மனுசி தன்ரை தேப்பன்ரை பேரைத் தூக்கிக் குடுத்திருக்கிறா,” என்றார் அக்கா. “நான் இஞ்சை ஓடி வந்த பிறகும் வருசா வருசம் விளக்கு வைச்சது அவ. அந்தப் பேரைச் சுரண்டு எண்டு எந்த வாயாலை சொல்லுறது?”

“சரி, சுரண்டவேண்டாம். நீங்கள் தைக்குப் போய் உங்கடை பேரைக் காதுக்குள்ளை சொல்லிப்போட்டு வாங்கோ.”

அக்கா தலையை ஆட்டி மறுத்தார்.

“இப்ப அவனை ஊர் முழுக்க ஊலவ் எண்டு கூப்பிடுது. கல்லுக்கு முன்னாலை நிண்டு பேரை வாசிச்சுப்போட்டுத்தான் விளக்கு வைப்பினமாம். ஒரு பேரோடை படுத்திருக்கிற பிள்ளையை இன்னொரு பேரைச் சொல்லி எழுப்பிறதே? இவ்வளவு காலமும் சும்மா கிடக்கேக்கை போகாதவள்.”

அதைச் சொல்லும்போதும் அவர் அழவில்லை. நான்தான் அழுதேன், ஆத்திரத்தில் பாதி. அக்கா குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்று, புருசனுக்கு ஒன்று. அவருடைய கோப்பையை எப்போதும் போலக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். இராஜரட்ணம் அண்ணை கோப்பையைத் தொடவில்லை. இத்தனை வருசத்தில் ஒருதரமும் கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டார்.

“நீர் என்ன பேர் நினைச்சு வைச்சனீர்?”

அக்கா கேக்கில் ஒரு துண்டை எடுத்து அவருக்கு நீட்டினார்.

“மறந்திட்டன்,” என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்திருக்குமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அந்தத் தை மாதம் அக்கா எங்கேயும் போகவில்லை. வறுத்து வைத்த பயறைப் பொங்கலுக்கு இங்கேயே போட்டார், எங்களுக்கும் ஒரு சட்டி வந்தது. கிளிபோட் நடந்துபோய் அவர் காலைக் கட்டிப் பிடித்த அன்றைக்குக் கேட்ட பெயர் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அதை நான் இங்கே எழுதவில்லை. முதலில் கேட்கவேண்டியவன் இன்னும் கேட்கவில்லை.